மழைக் கட்டம்

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை, ஆரணியில் சிற்றன்னையின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். பள்ளி விட்டு வந்த அவருடைய பேத்தி, புத்தகப் பையை மூலையில் எறிந்துவிட்டு உள்நோக்கிக் குரல் கொடுத்தாள்: "ஆயா, இன்னிக்கு டியூஷன் மழைக் கட்டம்!"

ஆசிரியை வெளியூர் போயிருக்கிறார், வகுப்பை வேறொரு நாள் வைத்துக்கொள்வார் என்பது அதன் பொருள். பன்னிரண்டு வயதுச் சிறுமி எவ்விதத் தயக்கமும் இன்றி, பிறந்தது முதல் கேட்டுப் பழகிய சொல்லாக அதனைச் சொன்னாள். உள்ளிருந்து சிற்றன்னையும் "சரி, கை கால் கழுவிக்கிட்டு வா" என்றாரேயன்றி, அது என்ன சொல் என்று கேட்கவில்லை. எனக்கு மட்டும் நெஞ்சில் ஏதோ தைத்தது. எந்த அகராதியிலும் இல்லாத, ஆரணியில் எங்கள் ஒரு குடும்பத்தைத் தவிர வேறெவரும் அறியாத அந்தச் சொல்லைப் படைத்தவன் நான். படைத்தேன் என்பதைவிட, ஒரு பிழையால் ஈன்றேன் என்பதே பொருந்தும்.

1987ஆம் ஆண்டு. ஆரணி அன்று வடஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தது 1989இல்தான். நான் வேலூரில் ஆங்கில இலக்கியம் இளங்கலை படித்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை மாலை கண்ணமங்கலம் வழியாக வரும் பேருந்தில் ஏறி வீடு சேர்வேன். ஞாயிறு திருப்பலி முடிந்து, சாப்பிட்டுவிட்டுத் திரும்புவேன். எங்கள் தெருவில் பகல் முழுவதும் தறியோசைதான். திருமுழுக்குப் பெற்றவர்கள் இரண்டு மூன்று குடும்பத்தாரே. ஆயினும் தறிக்குழிக்குள் கால் வைத்தவர்கள் எல்லாரும் தெருவிற்கு ஒரே சாதியார்போல ஒருவர் பாவை ஒருவர் பிடித்துக் கொடுத்து வாழ்ந்தார்கள்.

அந்தத் தெருவில் ஆங்கிலம் படித்தவன் நான் ஒருவனே. அதனால் எனக்கு ஒரு பெருமை இருந்தது. வங்கியிலிருந்து வரும் கடிதம், மருந்துப் புட்டியின் மேல் ஒட்டிய சீட்டு, துபாய்க்குப் போனவனின் விசாத் தாள் யாவும் என்னிடம் வரும். என்னுடைய பையில் மலிவுப் பதிப்பாக ஒரு சிறு நூல் எப்போதும் இருக்கும். ஆங்கில மரபுத்தொடர்களை இடப்பக்கமும் அவற்றின் பொருளை வலப்பக்கமும் அச்சிட்டிருந்த நூல் அது. தேர்வுக்காக அதனை நான் மந்திரம்போல் மனனம் செய்திருந்தேன். 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்றால் பெருமழை. 'கிக் தி பக்கெட்' என்றால் இறந்துபோதல். 'எ பீஸ் ஆஃப் கேக்' என்றால் மிக எளிது. பூனையும் நாயும் ஏன் வானிலிருந்து விழ வேண்டும், சாகிறவன் வாளியை ஏன் உதைக்க வேண்டும் என்று அந்த நூலும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இழவு வீட்டிற்கு எழுதும் கடிதத்தில் வாளியை உதைத்தார் என்று எழுதலாகாது என்பதைக்கூட அது எச்சரிக்கவில்லை. பொருள் தெரிந்தால் போதும், இடம் தெரிய வேண்டியதில்லை என்று எண்ணிய நூல் அது. நானும் அதற்கேற்ற மாணவன்.

என் சித்தப்பா கூலித் தறிக்காரர். பட்டும் ஜரிகையும் முதலாளி தருவார். சேலை நெய்து கொடுத்துக் கூலி வாங்க வேண்டும். முன்பணமாக வாங்கியது ஆண்டுதோறும் அப்படியே நிற்கும். கூலியில் பிடித்தது போக மிச்சம் சோற்றுக்கு. சொந்தப் பட்டில் ஒருமுறையாவது நெய்து, சொந்தமாக விற்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்கு ஒரு வாய்ப்பும் வந்தது. எங்கள் பங்கிற்கு வந்துபோன அமெரிக்க அம்மையார் ஒருவர் சித்தப்பாவின் தறியைப் பார்த்துவிட்டு, தம் ஊரில் தெரிந்தவர் நடத்தும் கடைக்காகப் பன்னிரண்டு பட்டுச் சால்வைகள் கேட்டார். ஆரணிப் பட்டு காஞ்சிபுரத்தைப்போல் கனமானதன்று; கையில் எடுத்தால் இலேசாக இருக்கும். அதுவே அவருக்குப் பிடித்துப்போயிற்று. சித்தப்பா ஒற்றை நிறத்தில் நெய்து அனுப்பினார், பணமும் வந்தது. வேறு வகையில் இன்னும் இரண்டு டஜன் பின்னர் வேண்டியிருக்கும் என்றும் அம்மையார் எழுதியிருந்தார். அன்று சித்தப்பா வீட்டில் ஆட்டுக்கறி.

மூன்று மாதம் கழித்து அடுத்த கடிதம் வந்தது. இளநீல நிற வான்கடிதம். நான் ஊருக்கு வரும்வரை அதனைப் பிரிக்காமல், அன்னை மரியின் படத்திற்குப் பின்னால் சொருகி வைத்திருந்தார் சித்தப்பா. வெள்ளி இரவு மண்ணெண்ணெய் விளக்கொளியில் அதனைப் பிரித்துப் படித்தேன். நலம் கேட்டல், வானிலை, பிள்ளைகளின் படிப்பு. அதன்பின் ஒரு வரி: 'ஐ ஆம் அஃப்ரெய்டு ஐ வில் ஹாவ் டு டேக் எ ரெயின் செக் ஆன் தி அதர் டூ டஜன்.'

ரெயின் செக். என் நூலில் அந்தத் தொடர் இல்லை. பைக்குள்ளிருந்த சிற்றகராதியிலும் இல்லை. ஆனால் மழை எனக்குத் தெரியும். 'செக்' என்பதும் தெரியும். ஆரணியில் பிறந்தவனுக்கு அது தெரியாமல் போகுமா? கட்டம் போட்ட சேலைக்கு எங்கள் ஊர்க் கடைக்காரர்களே செக்ஸ் என்றுதான் சொல்வார்கள். மற்ற இரண்டு டஜனுக்கு அம்மையார் 'ரெயின் செக்' எடுத்துக்கொள்கிறார். ஆனால் எதற்கோ அஞ்சுகிறார். எதற்கு அஞ்சுவார்? சாயத்திற்குத்தான்.

"சித்தப்பா, மீதி இரண்டு டஜனுக்கும் மழைக் கட்டம் வேணுமாம். சாயம் போயிடுமோன்னு பயப்படறாங்க" என்றேன்.

சித்தப்பா சற்று நேரம் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "மழைக் கட்டம்னா?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் எனக்குத் தெரியாது என்று நான் சொல்லியிருக்கலாம். காலையில் பங்குத்தந்தையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். அவர் ஆங்கிலத்தில் வல்லவர், கோவிலோ கூப்பிடு தூரம். தெருவே என்னைப் படித்தவன் என்றிருக்க, தெரியாது என்ற சொல் தொண்டையிலிருந்து மேலேறவில்லை. "மேகம் கறுத்த நிறத்துல கட்டம். அங்கெல்லாம் அப்படி ஒரு மாடல் இருக்கு" என்றேன். ஒரு பொய்யை அத்தனை நிதானத்தோடு அதற்கு முன் நான் சொன்னதில்லை. சொல்லி முடித்ததும் அது எனக்கே உண்மையாகத் தோன்றிற்று என்பதுதான் வியப்பு.

சித்தப்பா நூல் கடையில் கடனுக்குப் பட்டு எடுத்தார். சாயக்காரரிடம் தாமே போய் நின்று, மழைமேகச் சாம்பல் நிறமும் மயில்நீலமும் தோய்த்து வாங்கினார். அம்மையார் அஞ்சுகிறார் அல்லவா? அதனால் தோய்த்த பட்டை இரண்டு தரம் கூடுதலாக அலசச் செய்தார். தெருவில் பாவு நீட்டியபோது அண்டை வீட்டார் நின்று பார்த்தார்கள். அந்த நிறச் சேர்க்கையை அதற்கு முன் அவர்கள் கண்டதில்லை. பாவிலும் ஊடையிலும் இரண்டு நிறமும் கணக்காக மாற வேண்டும். ஒரு கட்டம் மயிரளவு நீண்டாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பகலில் முதலாளியின் சேலை, இரவில் மழைக் கட்டம். சிற்றன்னை தார் சுற்றிக் கொடுப்பார். இரண்டு மாதத்திற்கு மேல் ஆயிற்று. இருபத்து நான்கு சால்வைகள். உண்மையைச் சொல்கிறேன், அவை மிக அழகாக இருந்தன.

சரக்கு ஆயத்தம், சாயம் கெட்டி, அஞ்ச வேண்டாம் என்று நான்தான் ஆங்கிலத்தில் எழுதினேன். பதில் வர ஒன்றரை மாதம். அம்மையார் குழம்பிப் போயிருந்தார். தாம் கேட்டது ஒன்றுமில்லையே, இப்போதைக்கு வேண்டாம் என்றல்லவா எழுதினோம் என்று, மிகுந்த வருத்தத்தோடும் மரியாதையோடும் எழுதியிருந்தார். அந்தக் கடையும் மூடும் நிலையில் இருந்ததாம்.

அந்தக் கடிதத்தை நான் படிக்கவில்லை. நான் வேலூரில் இருந்த நாளில் அது வந்தது. சித்தப்பா அதனைப் பங்குத்தந்தையிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் நான் ஊருக்கு வந்தபோது, இருபத்து நான்கு சால்வைகளும் வெள்ளை வேட்டியில் சுற்றிப் பரண்மேல் இருந்தன. சித்தப்பா ஒரு சொல்லும் சொல்லவில்லை. "சாப்டியா?" என்று மட்டும் கேட்டார். அதன்பின் அவர் சாகும்வரை எந்தக் கடிதத்தையும் என்னிடம் படிக்கத் தந்ததில்லை. நான் ஆங்கில ஆசிரியனாகி, ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கற்பித்த காலத்திலும் அவர் தம் கடிதங்களைக் கோவிலுக்கே எடுத்துச் செல்வார். கடன் ஏறத்தாழ 3,000 ரூபாய். கூலித் தறியில் அதனை அடைக்க அவருக்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன.

'ரெயின் செக்' என்றால் என்ன என்பதைப் பின்னர் நூலகத்தில் தேடிக் கண்டேன். அமெரிக்காவில் பேஸ்பால் என்றொரு பந்தாட்டம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஆட்டம் மழையால் நின்றுபோனால், நுழைவுச்சீட்டின் கிழித்த பாதியைக் காட்டி வேறொரு நாள் ஆட்டம் பார்க்கலாம் என்று ஓர் ஏற்பாடு அங்கே வந்தது. அந்தப் பாதிச் சீட்டுதான் 'ரெயின் செக்'. விருந்துக்கு அழைத்தால் இன்று இயலாது, பிறிதொரு நாள் பார்ப்போம் என்பதற்கும் பின்னர் அது வழங்கலாயிற்று. மழையும் இல்லை, கட்டமும் இல்லை. 'ஐ ஆம் அஃப்ரெய்டு' என்பதிலும் அச்சம் எதுவுமில்லை. விரும்பாத செய்தியைச் சொல்லுமுன் நாம் 'மன்னிக்கணும்' என்று தொடங்குவதைப் போன்ற ஒரு நாகரிகம். ஒரே வரியில் இரண்டு கண்ணி. இரண்டிலும் கால் வைத்தேன்.

வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குருவின் கதையை நாம் சிறுவயதில் படித்துச் சிரித்திருக்கிறோம். குருவின் தலைப்பாகை வழியில் விழுந்தபோது எடுக்கச் சொல்லவில்லை என்று சீடர்கள் எடுக்கவில்லை. விழுவதையெல்லாம் எடுங்கள் என்றதும் குதிரையின் சாணத்தையும் எடுத்தார்கள். எடுக்க வேண்டியவற்றிற்கு ஓர் ஓலை எழுதிக் கொடுத்தார் குரு. பின்னர் அவரே குழியில் விழுந்தபோது, ஓலையில் அவர் பெயர் இல்லையே என்று தூக்க மறுத்தார்கள். இத்தாலியில் பிறந்து, முப்பது வயதில் தமிழ் மண்ணில் கால் வைத்து, 1732இல் சதுரகராதியைத் தொகுத்த பெரியவர் அவர். அயல்மொழியின் சொல்லைச் சொல்லாகவே பிடித்துத் தொங்குவதால் வரும் கேட்டை அவரளவுக்கு எவர் அறிந்திருப்பார்? அந்தச் சீடர்களை முட்டாள்கள் என்று சிரித்த நான், அவர்களுள் ஒருவனாகவே இருந்தேன்.

ஆசிரியனான பின் ஒரு நோன்புபோல இதனைக் கடைப்பிடித்தேன்: எந்த மரபுத்தொடரையும் அதன் பிறந்த ஊரைச் சொல்லாமல் மாணவர்க்குக் கற்பிப்பதில்லை. எனக்கே தெரியாதவற்றைத் தெரியாது என்று சொல்லிவிடுவேன். இதனால் பாடம் முடியத் தாமதமாகும். தலைமையாசிரியர்கள் சிலர் முகம் சுளித்ததும் உண்டு. ஆனால் இவ்வாறு தேடப் புகுந்தபோதுதான், அந்தத் தொடர்களில் எத்தனை நம் விவிலியத்திலிருந்து போனவை என்று கண்டேன். 'தி ரைட்டிங் ஆன் தி வால்' என்று ஆங்கில நாளேடு எழுதினால், அது பெல்சாட்சரின் விருந்தில் சுவரில் எழுதிய கை; தானியேல் நூல், 5ஆம் அதிகாரம். 'ஃபீட் ஆஃப் கிளே' அதே நூலில் 2ஆம் அதிகாரத்துச் சிலை. களிம்பில் விழுந்த ஈ சபை உரையாளரின் ஈ. உடலில் தைத்த முள் பவுலடியாருடையது. சமயமே வேண்டாம் என்கிற ஆங்கிலேயனும், தான் அறியாமலே நாளொன்றுக்கு நான்கு முறை விவிலியத்தை வாயால் உச்சரிக்கிறான்.

இவற்றுள் ஒன்று எனக்கு மிக விருப்பமானது. 'ஸ்கேப்கோட்' என்ற சொல்லை வில்லியம் டிண்டேல் 1530இல் எபிரேயத்திலிருந்து ஆங்கிலத்திற்குப் பெயர்க்கையில் படைத்தார். லேவியர் நூல் 16ஆம் அதிகாரத்தில் இரண்டு ஆடுகள் வருகின்றன. ஒன்று ஆண்டவருக்குப் பலியாகிறது. மற்றொன்றின் தலைமேல் மக்களின் குற்றங்களையெல்லாம் அறிக்கையிட்டுச் சுமத்தி, உயிரோடு பாலைநிலத்திற்கு ஓட்டிவிடுகிறார்கள். இந்த இரண்டாம் ஆடுதான் 'ஸ்கேப்கோட்'. பழைய சீர்திருத்தச் சபையார் மொழிபெயர்ப்பு இதனைப் போக்காடு என்றது, நல்ல சொல். நாமோ இன்று 'ஸ்கேப்கோட்' என்பதற்குப் பலிகடா என்று எழுதுகிறோம். பலிகடா முதல் ஆடு. அதற்குச் சாவு ஒரு நொடியில் முடிந்துவிடும். இரண்டாவது ஆடு பிறர் பிழையைச் சுமந்துகொண்டு நெடுநாள் நடக்க வேண்டும். மூன்று ஆண்டுகள் வாய் திறவாமல் கடனடைத்த ஒருவரை அறிந்தவன் ஆதலால், இந்த வேறுபாடு எனக்குச் சிறிதாகத் தோன்றவில்லை.

கைகழுவுதல் என்பதும் சிந்திக்கத் தக்கது. பிலாத்து தண்ணீர் எடுத்துக் கைகழுவியதிலிருந்து ஆங்கிலத்தில் அத்தொடர் வேரூன்றியது. நம் தெருவில் பிலாத்தின் பெயரையே கேள்விப்படாத பாட்டியும், "அவன் என்னைக் கைகழுவிட்டான்" என்பார். பிலாத்து பழியைக் கழுவினான்; நம் பாட்டி சொல்வதில் கழுவப்படுகிறவள் அவளே. இன்னொன்று, யோபு தாம் தப்பியது பல்லின் தோலோடு என்கிறார். ஆங்கிலேயரும் மயிரிழையில் தப்பியதை அப்படியே பல்லின் தோல் என்று சொல்கிறார்கள். பல்லுக்கு ஏது தோல்? எபிரேயத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் ஆங்கிலத்தில் வந்து சேர்ந்த விந்தை அது. அவர்கள் அதனைத் திருத்தவில்லை. நானூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லிச் சொல்லி, பல்லுக்குத் தோல் முளைத்துவிட்டது. இதைப் படித்த இரவு எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. சொல்லுக்குச் சொல் பெயர்த்ததுதானே என் குற்றமும்? அங்கே அது மொழிக்குச் செல்வமாயிற்று; இங்கே பரண்மேல் மூட்டையாயிற்று.

சித்தப்பா ஒருமுறை, ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, தாமாகவே இந்தப் பேச்சை எடுத்தார். மழைக் கட்டத்தை அன்று, ஆங்கிலத்தை. தறியில் அறுந்த இழையைப் பிணைத்துக்கொண்டே, "இங்கிலீஷ்காரன் பேச்சுல தறிக்காரன் பேச்சு ஏதாவது இருக்கா தம்பி?" என்று கேட்டார். நான் தறிக்குழியின் விளிம்பில் உட்கார்ந்து, ஒன்றொன்றாகச் சொன்னேன். 'ஆன் டென்டர்ஹூக்ஸ்' என்றால் என்ன ஆகுமோ என்று பதைத்திருத்தல். இங்கிலாந்தில் கம்பளித் துணியை நனைத்து அடித்த பின், சுருங்காமல் காய்வதற்காக வெட்டவெளியில் மரச்சட்டங்கள் நட்டு, அவற்றின் கொக்கிகளில் மாட்டி இழுத்துக் கட்டுவார்கள்; அந்தக் கொக்கிகள்தாம் 'டென்டர்ஹூக்ஸ்'. சித்தப்பாவுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. தெருவில் பாவு நீட்டியிருக்கும்போது வடகிழக்கில் மேகம் ஏறினால் நெசவாளி நிற்கும் நிலை அவருக்குத் தெரியும். "அதான், அதேதான்" என்றார்.

'டைட் இன் தி வூல்' என்றேன். நூற்குமுன் கம்பளி மயிராக இருக்கையிலேயே சாயம் ஏற்றினால் நிறம் எளிதில் நீங்காது. ஆகவே அசைக்க முடியாத கொள்கைக்காரனுக்கு அப்பெயர். அவர் சிரித்து, "நாமளும் நெஞ்ச பொறவா சாயம் போடறோம்? நூலுலதானே?" என்றார். ஆனால் நம் மொழியில் சாயம் வெளுத்ததைப் பற்றித்தான் சொல்லாட்சி இருக்கிறது, கெட்டியாக நின்றதைப் பற்றி இல்லையே என்று நான் சொன்னபோது, "நின்ன சாயத்தப் பத்தி எவன் பேசறான்?" என்றார். தறிகெட்டு ஓடுதல் என்பதிலுள்ள தறி, மாடு கட்டும் கட்டுத்தறி, நெசவுத்தறி அன்று என்று நான் விளக்கியதை மட்டும் அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. புலவர்கள் தறியில் உட்கார்ந்து பார்த்தவர்கள் இல்லை என்பது அவர் கட்சி. பவணந்தி முனிவரோ, நன்னூலில் நூல் என்ற சொல்லுக்கே பஞ்சையும் இழையையும் நூற்பவரையும் உவமை காட்டி விளக்கியிருக்கிறார் என்றேன். "அவரு நல்லவரு" என்றார் சித்தப்பா.

யோபு தம் நாள்களின் விரைவை நெசவாளியின் நாடாவோடு ஒப்பிடும் இடத்தையும் அன்று சொன்னேன். நாடா அப்போது அவர் கையில் இருந்தது. சிறிது நேரம் அதைப் பார்த்துவிட்டு, மறுபடி எறிந்தார். திராட்சைத் தோட்டக் கூலியாள்களின் உவமையைப் பற்றியும் பேச்சு வந்தது. 'தி இலெவன்த் அவர்' என்று ஆங்கிலேயர் சொல்வது அந்த உவமையின் பதினோராம் மணி. கதிரவன் உதித்ததிலிருந்து எண்ணினால் மாலை ஐந்து. கடைசி நேரத்தில் வந்தவனுக்கும் முழுக்கூலி கிடைத்தது என்ற செய்தியைத் தொலைத்துவிட்டு, தாமதத்தை மட்டும் அவர்கள் வைத்துக்கொண்டார்கள். சித்தப்பா, "கூலி வாங்காதவன் அப்படித்தான் வெச்சுக்குவான்" என்றார்.

அன்றாவது நான் சொல்லியிருக்கலாம். சித்தப்பா, அந்தச் சொல் எனக்குத் தெரியாது, தெரிந்ததாகப் பொய் சொன்னேன் என்று. மொழிபெயர்ப்பில் தவறிவிட்டேன் என்றே அவர் எண்ணியிருந்தார். தவறுதல் எவருக்கும் உண்டு. நான் அறியாதது வேறு, அறிந்ததாகச் சொன்னது வேறு என்பது எனக்கு மட்டுமே தெரியும். பாவசங்கீர்த்தனத்தில் குருவிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். சொல்ல வேண்டியவரிடம், அடுத்த முறை ஊருக்கு வரும்போது, பொங்கல் கழித்து, பாஸ்கா கழித்து என்று தள்ளிக்கொண்டே போனேன். 2009ஆம் ஆண்டு தவக்காலத்தில் அவர் இறந்தார்.

பரண்மேல் இருந்த சால்வைகளின் கதையைச் சொல்லவில்லையே. உள்ளூரில் அவற்றை வாங்குவார் இல்லை. திருமணங்களுக்குப் பரிசாக நான்கைந்து போயின. மீதியைச் சிற்றன்னை வெட்டி ரவிக்கை தைத்தார். சில ஆண்டுகள் எங்கள் குடும்பத்துப் பெண்கள் அனைவரும் கிறிஸ்து பிறப்பு விழாத் திருப்பலிக்குச் சாம்பலும் நீலமும் கட்டம் போட்ட ஒரே ரவிக்கையில் வந்தார்கள்; எங்களுக்கு ஏதோ பக்த சபைச் சீருடை என்று புதிதாக வந்த உதவிப் பங்குத்தந்தை எண்ணிக்கொண்டார். 'ரெயின் செக்' என்பதன் உண்மைப் பொருளைப் பங்குத்தந்தை வாயிலாக அறிந்த சிற்றன்னை, அதனை மறக்கவில்லை. சீட்டுப் பணம் தர வேண்டியவர் அடுத்த வாரம் என்றால், "ஏம்பா, மழைக் கட்டமா?" என்பார். முதலாளி கூலி உயர்வை ஆடிக்குப் பின் பார்க்கலாம் என்றால், வீட்டில் வந்து "மழைக் கட்டம்" என்பார். முதலில் அதில் கசப்பு இருந்தது. எனக்கு அது ஒவ்வொரு முறையும் சுட்டது. பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். மருமகள் வந்து அவளும் கற்றுக்கொண்டாள். கசப்பு எப்போது போயிற்று என்று தெரியவில்லை. இன்று அச்சிறுமி, அமெரிக்கப் பந்தாட்ட அரங்கின் வாசலில் பாதிச் சீட்டோடு நின்றவன் எந்தப் பொருளில் சொன்னானோ, இம்மியும் பிசகாமல் அதே பொருளில் அதனைச் சொல்கிறாள்.

அன்று மாலை மழை தூறத் தொடங்கியிருந்தது. சிறுமி முகம் கழுவி வந்து என்னருகே உட்கார்ந்தாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்போலும்.

"ஏன் பெரியப்பா அப்படிப் பாக்கறீங்க?"

"மழைக் கட்டம்னு சொன்னியே, அப்படின்னா என்னன்னு தெரியுமா?"

"அப்புறம் பாத்துக்கலாம்னு அர்த்தம்."

"அது தெரியும். ஏன் மழை, ஏன் கட்டம்?"

அவளுக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு கேள்வி இருப்பதே அவளுக்கு அப்போதுதான் தோன்றியிருக்கும். "ஆயா! மழைக் கட்டம்னு ஏன் சொல்றோம்?" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள்.

தறி நின்றுபோய்ப் பல ஆண்டுகளான அந்த வீட்டின் உள்ளறையிலிருந்து சிற்றன்னையின் குரல் வந்தது. "உங்க பெரியப்பாவைக் கேளு. அவருக்குத்தான் இங்கிலீஷ் தெரியும்."

அந்தக் குரலில் சிரிப்பு இருந்ததா என்று காது கொடுத்தேன். பின்னர், பெட்டியில் ஏதோ தேடும் ஓசை கேட்டது. சிற்றன்னை கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல வெளியே வந்தார். கையில் மடித்த ஒரு சால்வை. வெட்டாமல் ஒன்றை வைத்திருக்கிறார் என்பது எனக்கு அதுவரை தெரியாது. சிறுமியின் மடியில் அதை வைத்துவிட்டு, திண்ணைத் தூணில் சாய்ந்து அமர்ந்தார். நிறம் சற்றும் மங்கவில்லை.

டியூஷன் இல்லை, நேரம் இருந்தது. விளக்கொளியில் படித்த கடிதத்திலிருந்து தொடங்கி, தெரியாது என்று சொல்ல வேண்டிய இடத்தில் நான் என்ன சொன்னேன் என்பது உட்பட, இருவரும் கேட்கச் சொன்னேன்.